அத்தியாயம் 6: பல் மருத்துவர் இல்லாத அறையில் பல்வலி

சுங்கை சிப்புட்டிலோ சிலிம் ரிவரிலோ நள்ளிரவில் ஒருவருக்குப் பல்வலி எடுத்தால் என்ன செய்வார் என்று மாணவர்களிடம் கேட்டு வகுப்பைத் தொடங்குங்கள். பதில்கள் தாமாக வரும். பலர் வீட்டிலும் இதே கதைதான். வீட்டில் இருக்கிற பனடோல், கன்னத்தில் கோடாலித் தைலம், சொத்தையில் ஒரு கிராம்பு. விடிந்ததும் மருந்தகம். அங்கே வாங்கியதும் கேட்காவிட்டால் சுகாதார கிளினிக்கில் மருத்துவ உதவி அதிகாரி. முகம் வீங்கிவிட்டால் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பல் மருத்துவரின் நாற்காலி இந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது. சிலருக்கு அது வருவதே இல்லை. அதற்கு முன்னால் அந்த நோயாளியைச் சந்திக்கிற மருந்தாளர், தாதி, மருத்துவ உதவி அதிகாரி, பயிற்சி மருத்துவர் ஆகியோரில் பெரும்பாலானவர்களுக்குப் பல்லைப் பற்றி யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை.

பால்மரத் தோட்டங்கள் இருந்த காலத்தில் இந்த வரிசை இவ்வளவு நீளமில்லை. தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெசர் இருந்தார். காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் லயத்து மக்கள் ஓடியது அவரிடம்தான், பல்வலிக்கும் அவரிடமே. அவரே குறடால் பிடுங்கிவிட்டதாகச் சொல்லும் பெரியவர்களை இன்றும் சந்திக்கலாம். 1965இல் வந்த தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் அந்த வேலைக்குச் சட்டத்தில் ஓர் இடம் கொடுத்தது. பிறகு தோட்டங்கள் துண்டாயின, செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழும்பின. டிரெசரும் அவருடைய மருந்தறையும் பல இடங்களில் இல்லாமல் போயின. அங்கே பிறந்தவர்கள் பக்கத்துத் தாமானில் மலிவுவிலை வீட்டில் இருக்கிறார்கள். காலை வருகைப் பதிவான பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள், வலியைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போகவே கற்றிருக்கிறார்கள். அவர்கள் உங்கள் மாணவர் முன்னால் வந்து உட்காரும்போது நோய் எப்போதும் ஒரு படி முற்றியிருக்கும்.

இந்த அத்தியாயம் ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் மருத்துவம், தாதிமை, மருந்தியல் படிப்பவர்களுக்கும், மருத்துவ உதவி அதிகாரிப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் பாடம் நடத்துகிற பயிற்றுநருக்கானது. அரை நாள் போதும். அந்த அரை நாளில் பல் மருத்துவரின் வேலையை அவர்களுக்குக் கற்றுத்தர முடியாது, கற்றுத்தரவும் கூடாது. வலியைச் சரியாகத் தணிப்பது, ஆபத்தானதை அடையாளம் காண்பது, நோயாளி பல் நாற்காலி வரை போய்ச் சேரும்படி செய்வது ஆகிய மூன்றையும் கற்றுத்தரலாம். இந்த மூன்றில் கடைசியைத்தான் பாடத்திட்டங்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

யாரைச் சேர்ப்பது

நால்வகை மாணவர்களையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். கிரீன்டவுனில் இருக்கிற பேராக் ராயல் மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும் மருந்தியலும் தாதிமையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மருத்துவ உதவி அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் சுகாதார அமைச்சின் கழகம் உலு கிந்தாவில், அரை மணி நேரத் தொலைவில். ஆனாலும் இவர்கள் முதன்முதலில் ஒன்றாக வேலை செய்வது பெரும்பாலும் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகுதான். ஒரே நோயாளிக்கு மருந்தாளர் ஒன்றையும், தாதி இன்னொன்றையும், பயிற்சி மருத்துவர் மூன்றாவதையும் சொல்வது அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு பல் சிகிச்சையாளரை அழைத்து வாருங்கள். பல் மருத்துவரையும் அழைக்கலாம்; ஆனால் அரசு கிளினிக்கில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய சிகிச்சையாளர் இந்த வகுப்புக்கு இன்னும் பொருத்தம். மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவரைப் பயிற்றுவித்துப் பல் சிகிச்சையில் ஈடுபடுத்துவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. நியூசிலாந்து 1921இல் தொடங்கிய பள்ளிப் பல்தாதி முறையைப் பின்பற்றி, பினாங்கில் 1949இலேயே பயிற்சி தொடங்கியது. உலக அளவிலும் இதே எண்ணம் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு 2002இல் வெளியான அடிப்படைப் பல் பராமரிப்புத் தொகுப்பு, அவசரப் பல் நிவாரணத்தைத்தான் முதல் அங்கமாக வைத்தது. பல் மருத்துவர் கிடைக்காத ஊர்களில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் வலியைப் போக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2021 மே மாதம் உலக சுகாதார மாநாடு வாய்நலத்தைப் பொதுச் சுகாதாரத்தோடு இணைக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது. கல்லூரி முதல்வரோ துறைத் தலைவரோ அரை நாளை ஒதுக்கத் தயங்கினால் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள்.

கேட்கக் கற்றுத்தருதல்

முதல் ஒரு மணி நேரம் முழுவதும் கேள்விகளுக்கே. இருவர் இருவராக உட்காரச் சொல்லி ஒருவருக்கு, அவர் நடிக்க வேண்டிய நோயாளியின் விவரம் எழுதிய அட்டையைக் கொடுங்கள்.

தமிழ் பேசும் முதியவர்கள் வலியை மிகத் துல்லியமாகச் சொல்வார்கள்; மாணவருக்கு அதைப் பிடித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். தமிழ் அறியாத மலாய், சீன மாணவர்களும் இந்த நான்கைந்து சொற்களை மனப்பாடம் செய்யட்டும். "ஐஸ் தண்ணி பட்டா கூசுது, உடனே போயிடும்" என்றால் பல்லின் உள்சதை இன்னும் உயிரோடு இருக்கிறது, அடைத்துக் காப்பாற்றிவிடலாம். "தேத்தண்ணி குடிச்சு அரை மணி நேரம் ஆகியும் குடையுது, ராத்திரி தூங்க விடல" என்றால் உள்சதையின் அழற்சி திரும்ப முடியாத நிலைக்குப் போய்விட்டது. "விண்விண்ணுன்னு தெறிக்குது, பல்லு மேல பல்லு பட முடியல" என்றால் வேர்நுனியில் சீழ் கட்டத் தொடங்கியிருக்கலாம். "கடிச்சு விடும்போது மின்னல் மாதிரி வெட்டுது" என்பவரின் பல்லில் விரிசல் இருக்கக்கூடும். ஈப்போ மாணவர்களுக்கு இந்த கடைசி வகையைப் புரியவைக்க புந்தோங்கின் கச்சான் பூத்தேயை நினைவுபடுத்தினால் போதும். வறுத்த கடலையிலும் கெட்டி முறுக்கிலும் உடைந்த கடைவாய்ப்பல்லோடு அந்த வட்டாரத்து கிளினிக்குகளுக்கு ஆட்கள் வருவது வழக்கம்.

ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும்: "இதுவரைக்கும் என்ன மருந்து சாப்பிட்டீங்க?" இதற்கு வருகிற முதல் பதில் அநேகமாக முழுமையாக இருக்காது. "ஒண்ணும் சாப்பிடல, சும்மா ரெண்டு பனடோல்" என்பார் ஒரு பாட்டி. "பாட்டி, வேற? சளிக்கு ஏதாச்சும்? மகன் வாங்கிக் கொடுத்தது?" என்று இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டால்தான் சளி மாத்திரையும் பொன்ஸ்தான் என்ற வலி மாத்திரையும் வெளியே வரும். வீட்டில் உள்ள மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லும் பழக்கத்தை மாணவருக்கு ஏற்படுத்துங்கள். வலியும் பயமும் உள்ளவரிடம் எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று கடிந்து கேட்டால் உண்மை வராது. "அண்ணே", "அக்கா", "ஐயா", "பாட்டி" என்று வயதுக்கேற்ற உறவில் அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதையும் மதிப்பெண் போட்டே கற்பியுங்கள்.

பார்க்கக் கற்றுத்தருதல்

கையுறை, கைவிளக்கு, நாக்கை அழுத்த ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக்குச்சி, கிடைத்தால் ஒரு வாய்க்கண்ணாடி. வேறு எதுவும் தேவையில்லை. மாணவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்க்கட்டும். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பும் கூச்சமும் இருக்கும், பிறகு அடங்கிவிடும்.

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இரு கன்னமும் சமமா? தாடைக்கு அடியில் தடித்திருக்கிறதா? கண்ணிமை வீங்கியிருக்கிறதா? பிறகு நோயாளியின் மூன்று விரல்களை நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். மூன்று விரல் போனால் வாய் இயல்பாகத் திறக்கிறது. ஒரு விரல் மட்டுமே போனால் எச்சரிக்கை. அதன் பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி, நாக்கின் அடித்தளம் மென்மையாக இருக்கிறதா என்று கையுறை போட்ட விரலால் தொட வேண்டும். கடைசியாகத்தான் பல். கண்ணாடியின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டி, எந்தப் பல் நோகிறது என்று பார்க்க வேண்டும். நோகாத பக்கத்தில் ஆரம்பியுங்கள். நோகும் பல்லை முதலில் தட்டிவிட்டால் அதன் பிறகு அவர் வாயைத் திறக்கமாட்டார்.

வெற்றிலை போடுகிற பெரியவரின் வாய் குறுகித் திறப்பதும், சீழ் பரவியவரின் வாய் திறக்காததும் வேறு வேறு. முன்னவருக்கு இது பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வந்திருக்கும். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராகக் கயிறு போல விரலுக்குத் தட்டுப்படும். பின்னவருக்கு இரண்டு மூன்று நாளில் வந்திருக்கும், கூடவே காய்ச்சலும் நோவும். முன்னது பாக்கினால் வரும் நார்த்திசுப் பெருக்கம். அது புற்றுநோய்க்கு முந்தைய கட்டமாகக் கருதப்படுகிறது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. தோட்டத்து முதியோரிடம், முக்கியமாகப் பெண்களிடம், இந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றியது. ஆகவே பல்வலிக்காக வாயைத் திறந்த ஒவ்வொருவரிடமும் நாக்கின் இரு ஓரங்களையும் கன்னங்களின் உட்புறத்தையும் பார்க்கப் பழக்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், சிவப்புத் திட்டு, வெள்ளைத் திட்டு எது இருந்தாலும் வலி இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டும். தொடக்கப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

காத்திருக்கக் கூடாதவர்கள்

இந்தப் பகுதிக்கு நேரம் குறையவே கூடாது. மற்றதை எதை வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடியில் இருபுறமும் பரவும்போது நாக்கு மேலே தூக்கப்பட்டு மூச்சுக்குழலை அடைக்கும். லுட்விக் ஆஞ்சினா என்று பெயர். மாணவருக்குப் பெயர் மறந்தாலும் காட்சி மறக்கக் கூடாது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடுவார். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறியிருக்கும். தாடைக்கு அடியில் பலகை போல இறுகியிருக்கும். படுக்கச் சொன்னால் படுக்கமாட்டார், நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார். இவரை எக்காரணம் கொண்டும் மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. 999ஐ அழைக்க வேண்டும், அல்லது உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மாத்திரை எழுதிக்கொடுத்து நாளை வரச் சொல்வதற்கு இவரிடம் நாளை இல்லாமல் போகலாம். நீரிழிவு கட்டுப்படாதவருக்கு இது வேகமாக வரும். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை மாணவருக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதோடு கண்ணை மூடும் வீக்கம், காய்ச்சலோடு பரவும் வீக்கம், ஒரு விரலுக்கு மேல் திறக்காத வாய் ஆகியவையும் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

இரண்டாவது ஆபத்து பல்லிலேயே இல்லை. ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், அறுபத்தைந்து வயது, மேட்டுப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது இடது கீழ்த்தாடை வலிக்கிறது, நின்றால் குறைகிறது என்கிறார். இந்த அட்டையை ஒரு மாணவருக்குக் கொடுத்துப் பாருங்கள். பாதிப்பேர் சொத்தைப் பல்லைத் தேடுவார்கள். அந்த வயதில் ஒரு சொத்தை கட்டாயம் கிடைக்கும், அதையே காரணம் என்று முடிவுகட்டுவார்கள். உழைப்போடு வந்து ஓய்வோடு போகும் தாடைவலிக்கு முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சுவலி இல்லாமலே இதயத்தாக்கம் வரலாம். இந்த ஒரே அட்டைக்காக அரை நாள் முழுவதையும் செலவிட்டாலும் வீணாகாது என்று நான் நினைக்கிறேன்.

மேல்தாடையின் பல பற்கள் ஒன்றாக வலித்து, குனிந்தால் அதிகமானால் சைனஸ். முகத்தைக் கழுவும்போது, காற்று படும்போது, ஓரிரு நொடி மின்சாரம் பாய்வது போல வந்து போனால் முக நரம்புவலி. இவை பல் பிடுங்கியும் தீராதவை; அப்படித் தேவையில்லாமல் பல்லிழந்தவர்கள் உண்டு. இதைச் சொல்லிவிட்டு நகருங்கள்.

வலி மாத்திரை

இந்தப் பகுதியை நடத்தும் பொறுப்பை மருந்தியல் மாணவரிடம் கொடுங்கள். பல்வலிக்கு மிக நன்றாக வேலை செய்வதாகச் சான்று உள்ள மருந்துகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உள்ளவைதான். உடலில் தடை எதுவும் இல்லாத பெரியவருக்கு ஐபுபுரோஃபென் 400 மி.கி., பராசிட்டமோல் 1 கிராம், இரண்டும் சேர்த்து. பராசிட்டமோல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது. ஐபுபுரோஃபென் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, உணவோடு. இந்தக் கூட்டு ஓபியாய்டு மாத்திரைகளைவிடப் பல்வலியைத் தணிப்பதில் குறைந்ததல்ல என்பதை மாணவர் நம்ப வேண்டும். நம்பாதவர் அதை உறுதியாகக் கொடுக்கமாட்டார், நோயாளியும் "இது வெறும் பனடோல்தானே" என்று ஒதுக்கிவிடுவார். "வலிச்சா போடுங்க" என்று சொல்லாமல், முதல் இரண்டு நாள் மணிக்கணக்குப்படி போடச் சொல்ல வேண்டும். வலி ஏறிய பிறகு போடும் மாத்திரை அதைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

"உடலில் தடை எதுவும் இல்லாத" என்ற சொற்களில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. அட்டைகளைப் பரப்புங்கள்.

"எனக்கு கேஸ்திரிக் இருக்குப்பா" என்கிற அக்கா. வயிற்றுப்புண் இருந்தவருக்கு ஐபுபுரோஃபென் வேண்டாம். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு வேண்டாம். ஆஸ்பிரினோ இதே வகை மாத்திரையோ போட்டு மூச்சிரைப்பு வந்தவருக்கு வேண்டாம். வார்ஃபரின் எடுப்பவருக்கு வேண்டாம். கர்ப்பிணிக்கு, முக்கியமாக 20 வாரத்துக்குப் பிறகு, வேண்டாம், பராசிட்டமோல் மட்டும். ஏற்கெனவே பொன்ஸ்தான் சாப்பிட்டவருக்கு ஐபுபுரோஃபென் சேர்க்கக் கூடாது. இரண்டும் ஒரே குடும்பம். சம்சுவும் கள்ளும் தினமும் குடிப்பவருக்குப் பராசிட்டமோலே பாதி அளவு, அதாவது நாளுக்கு 2 கிராமுக்கு உள்ளே, அதையும் மருத்துவரைக் கேட்டுத்தான். குடிக்கிறீர்களா என்று கேட்கத் தயங்கும் மாணவர் இந்த இடத்தில் தோற்பார். "ஐயா, சாயந்தரம் கொஞ்சம் போடுவீங்களா?" என்று இயல்பாகக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

மலேசியாவுக்கென்று ஓர் அட்டை இருக்க வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாள், உடம்புவலி, கூடவே பல்லும் வலிக்கிறது, ஈறில் கொஞ்சம் ரத்தம். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு டெங்கி. இங்கே ஐபுபுரோஃபென், பொன்ஸ்தான், ஆஸ்பிரின், தசையில் போடும் வலி ஊசி எதுவும் கூடாது. பராசிட்டமோல் மட்டும், உடனே ரத்தப் பரிசோதனை. ஈறில் வரும் ரத்தத்தைப் பல்நோய் என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும் பிழை நடக்கக் கூடியது.

குழந்தைக்கு எடைக்கேற்றபடி: பராசிட்டமோல் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., ஐபுபுரோஃபென் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. பதினாறு வயதுக்குக் கீழ் ஆஸ்பிரின் கிடையாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் ஈறில் மரத்துப்போகும் பென்சோகைன் களிம்பு தடவக் கூடாது; அது ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுக்கக்கூடும். மாணவர்கள் சிரப் அளவைக் கணக்குப் போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் இழுத்துக் காட்டட்டும். வாயால் சொன்னால் தெரிந்ததாகாது.

கிராம்புத் தைலத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அதில் உள்ள யூஜினால் உண்மையிலேயே மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவத்திலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சிறு பஞ்சில் ஒரு துளி தொட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும் வைத்தால் சிறிது நேரம் ஆறுதல் தரும். ஈறில் கொட்டினால் சுட்டுப் புண்ணாக்கும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல் பக்கத்தில் அடக்கிக்கொள்வதும் அப்படித்தான், சதை வெந்து வெள்ளையாக உரியும். கன்னத்தில் தைலம் தடவினால் தடுக்க வேண்டாம். பாட்டி வைத்தியத்தைப் பழித்துப் பேசும் மாணவரிடம் பாட்டி அடுத்த முறை வரமாட்டார்.

ஆன்டிபயாட்டிக் கேட்டால்

"போன தடவ அந்த டாக்டர் குடுத்த ரெண்டு கலர் மாத்திரை குடுங்க, உடனே நின்னுடுச்சு." இதை எல்லா மாணவரும் ஒரு நாள் கேட்பார்கள். பல்லின் உள்சதை எலும்பை ஒத்த கெட்டியான சுவருக்குள் இருக்கிறது. அழற்சியில் அது வீங்கினால் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறி வலி உச்சத்துக்குப் போகிறது, ரத்த ஓட்டம் நின்று உள்சதை செத்துவிடுகிறது. செத்ததும் வலி நிற்கும். அந்த நேரத்தில் சாப்பிட்ட மாத்திரைக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்கிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ அதே பல்லின் வேர்நுனியில் சீழ் வைத்து, முகம் வீங்கி அவர் திரும்பி வருவார். ரத்த ஓட்டமே இல்லாத இடத்துக்கு மாத்திரை போய்ச் சேராது என்பதையும் படம் வரைந்து காட்டுங்கள்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: வீக்கமோ காய்ச்சலோ இல்லாத பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, பல்லுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்காமை, எதிர்ப்புச்சக்தி குறைந்த உடல் இருந்தால் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் தொடங்குவார். அப்போதும் நோயாளியை அனுப்பிக்கொண்டேதான். மாணவருக்கு மறுப்பு சொல்லப் பயிற்சி தேவை. "தர முடியாது" என்பதோடு நிறுத்தாமல், "அக்கா, அந்த மாத்திரை வலிக்குக் கேட்காது. இந்த ரெண்டு மாத்திரையும் நேரத்துக்குப் போட்டா இன்னிக்கி ராத்திரி தூங்கலாம். நாளைக்குக் காலையில பல்லைப் பார்க்க நான் எழுதித் தர்றேன்" என்று சொல்லிப் பழகட்டும்.

மரத்துப்போகும் ஊசி

மாணவர்கள் இதைத்தான் ஆவலோடு எதிர்பார்ப்பார்கள். கீழ்த்தாடை நரம்பை முதன்முதலில் ஊசியால் மரத்துப்போகச் செய்தவர் பல் மருத்துவர் அல்ல. நியூயார்க்கின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், 1884 வாக்கில், கோகெயினைக் கொண்டு. சில நாடுகளில் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு இன்றும் இதைக் கற்றுத்தருகிறார்கள். ஆனாலும் இந்த அரை நாளில் வேண்டாம் என்பதே என் கருத்து. தாதி, மருந்தாளர் இருவருக்கும் இது தேவையில்லை. சட்டமும் இடம் தராது. இறுதியாண்டு மருத்துவ மாணவர் மருத்துவமனையின் வாய் அறுவைத் துறையில், மேற்பார்வையோடு, மாதிரி உருவத்தில் தொடங்கலாம். மூன்று மணி நேர ஊசி உற்சாகத்தில் மாத்திரைப் பாடம் காணாமல் போய்விடும்.

பிடுங்கிய பிறகும் விழுந்த பிறகும்

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்று வருபவரிடம் சுத்தமான துணியை மடித்துக் கொடுத்து, இருபது நிமிடம் இடையில் எடுத்துப் பார்க்காமல் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அநேகமாக அதுவே போதும், நிற்காவிட்டால் அனுப்புங்கள். பிடுங்கி இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறையாமல் ஏறினால், வாயில் நாற்றம் வந்தால், குழியில் ரத்தக்கட்டி கழன்றிருக்கும். சுருட்டும் சிகரெட்டும் பிடிப்பவருக்கு அதிகம். அதே கிளினிக்குக்குத் திரும்பிப் போனால் குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள்.

பந்து விளையாடி முன்பல் முழுதாக விழுந்த பையனுக்குச் செய்ய வேண்டியதை ஒவ்வொரு மாணவரும் கையால் செய்து காட்ட வேண்டும். பல்லின் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடி. அழுக்கிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடி அலசு, தேய்க்காதே. இருந்த குழியிலேயே திரும்பச் செருகி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல். செருக முடியாவிட்டால் ஒரு பாக்கெட் குளிர்ந்த பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டு போ. பால்பல்லானால் செருகக் கூடாது. வகுப்புக்கு உடற்கல்வி ஆசிரியர் ஒருவரையும் அழைத்தால் நல்லது. சம்பவ இடத்தில் இருப்பவர் அவர்தான்.

அனுப்புவது

அரசுப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். இருந்தும் போகாமல் இருப்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை என்று மாணவருக்குத் தெரிய வேண்டும். பேருந்து எத்தனை மணிக்கு? காலை ஏழு மணிக்குச் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர் எண் எடுக்க எப்போது வரிசையில் நிற்பார்? முதலாளி விடுப்பு கொடுப்பாரா? சின்ன வயதில் பார்த்த குறடு இன்னும் கண்ணில் நிற்கிறதா? ஒவ்வொரு நோயாளியிடமும் "நாளைக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்க வேண்டும். பதில் தெளிவாக இல்லாவிட்டால் அனுப்பியதாகக் கணக்கில் கொள்ளக் கூடாது. பழைய லயங்களில் இன்று இந்தோனேசிய, வங்கதேச, நேப்பாளத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு அரசுக் கட்டணம் அதிகம், மொழியும் தடை. அட்டைகளில் அவர்களில் ஒருவரைக் கட்டாயம் சேருங்கள்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். மாதிரிக்கு ஒன்று:

"48 வயதுப் பெண். கீழ்த்தாடை வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் நான்கு நாளாக இரவில் எழுப்பும் வலி, தட்டினால் நோகிறது. வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, வாய் மூன்று விரல் திறக்கிறது, விழுங்குவதில் சிரமம் இல்லை. நீரிழிவு உண்டு, மெட்ஃபார்மின் எடுக்கிறார். மருந்து ஒவ்வாமை இல்லை. காலை 8 மணிக்குப் பராசிட்டமோல் 1 கிராம் கொடுத்தோம். சிறுநீரகப் பரிசோதனை முடிவு கையில் இல்லாததால் ஐபுபுரோஃபென் கொடுக்கவில்லை. ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. மகன் மோட்டார் சைக்கிளில் நாளை காலை அழைத்து வருவார்."

தேர்வையும் இதே வடிவில் வையுங்கள். எழுத்துத் தேர்வு வேண்டாம். நடிப்பவர் ஒருவர் நோயாளியாக உட்கார, மாணவர் கேட்டு, பார்த்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்து, கடிதமும் எழுத வேண்டும். நான்கு அட்டைகளில் இரண்டு ஆபத்தானவையாக இருக்கட்டும். மூச்சடைக்கும் வீக்கத்தையோ இதயவலியையோ தவறவிட்டவர் மற்ற மதிப்பெண் எவ்வளவு வாங்கியிருந்தாலும் மறுபடி தேர்வுக்கு வர வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் வட்டாரத்துப் பல் கிளினிக்குகளின் பட்டியலை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்: ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, சிலிம் ரிவர், தொலைபேசி எண், எண் எடுக்கும் நேரம், அவசர வலிக்காரரை முன்பதிவு இல்லாமல் பார்க்கும் நேரம், வார இறுதியில் யாரைக் கூப்பிடுவது. இவை மாறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு இருமுறை ஒவ்வோர் எண்ணையும் அழைத்துச் சரிபார்க்கும் வேலையை ஒரு மாணவர் அணியிடம் ஒப்படைத்து, திருத்திய பட்டியலைப் பக்கத்து மருந்தகங்களின் கவுண்டரிலும் ஒட்டச் சொல்லுங்கள்.